ஸ்லாப் அடித்தளம், ஃபர்னஸ்: வீட்டுச் சோதனை அறிக்கையில் எந்த வரியை நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். டாலஸுக்கு வடக்கே 1998இல் கட்டிய வீடு ஒன்றை வாங்க ஒப்பந்தம் போட்டிருக்கிறீர்கள். ஆப்ஷன் காலம், அதாவது ஒப்பந்தத்திலிருந்து காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் அவகாசம், முடிய இன்னும் நான்கு நாள். இன்ஸ்பெக்டர் தந்த அறிக்கையில் அடித்தளத்துக்கு, அதாவது வீடு உட்கார்ந்திருக்கும் ஸ்லாப் எனும் காங்கிரீட் பலகைக்கு, எதிரே 'சோதிக்கப்பட்டது', 'குறை உள்ளது' என்ற இரண்டு கட்டங்களிலும் குறி இருக்கிறது. கீழே மட்டும் 'ஸ்லாப் தன் பணியைச் செய்துகொண்டிருக்கிறது' என்று ஒரு வரி. ஹீட்டருக்கு எதிரே, 'இயக்கியபோது வேலை செய்தது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் நிலை சரிபார்க்கப்படவில்லை' என்று இன்னொரு வரி. வாங்கலாமா, இன்ஸ்பெக்டர் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறாரா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக நினைக்கிறேன்: இந்த அறிக்கையில் எதைத் தெரிந்து எழுதியிருக்கிறார், எதைத் தெரியாமல் விட்டிருக்கிறார், விட்டதை நான்கு நாளில் யாரைக் கொண்டு நிரப்புவது?

நானும் டெக்சஸில் இதே உரிமத்துடன் பல ஆண்டுகளாக வீடுகளைச் சோதித்து வருகிறேன். உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆகவே 'வாங்குங்கள்', 'வேண்டாம்' என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் என்ன இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல முடியும்.

படிவத்திலிருந்து தொடங்குகிறேன். டெக்சஸ் ரியல் எஸ்டேட் கமிஷன்தான் எங்களுக்கு உரிமம் தருகிறது. அறிக்கைப் படிவத்தையும் அதுவே வகுத்திருக்கிறது. ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு கட்டங்கள்: சோதிக்கப்பட்டது, சோதிக்கப்படவில்லை, இல்லை, குறை உள்ளது. அடித்தளத்தைப் பொறுத்தவரை கமிஷனின் விதி எங்களிடம் ஒரு கூடுதல் வேலையை எதிர்பார்க்கிறது. எந்த வகை அடித்தளம் என்று எழுத வேண்டும்; கண்ணுக்குத் தெரியும் அசைவின் அறிகுறிகளை எழுத வேண்டும்; அதற்கு மேல், அது எப்படி இயங்குகிறது என்று எழுத்தில் ஒரு கருத்தும் சொல்லியாக வேண்டும். ஆகவே 'தன் பணியைச் செய்துகொண்டிருக்கிறது' என்பது நழுவல் வரி அல்ல. விதி கேட்கும் கருத்து அதுதான். 'குறை உள்ளது' என்ற குறியும் அதற்கு முரணாக இருக்க வேண்டியதில்லை. ஸ்லாப் ஓரத்தில், காங்கிரீட்டுக்குள் ஓடும் எஃகு கேபிளின் முனை ஒன்று பூச்சு உதிர்ந்து துருப்பிடித்துத் தெரிந்தால்கூட அந்தக் கட்டத்தில் குறியிடுபவர்கள் உண்டு. குறியை வைத்து மட்டும் வீட்டை எடை போடாதீர்கள். கருத்துக்கு ஆதாரமாக என்ன எழுதியிருக்கிறார் என்று தேடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த ஆதாரம்தான் அங்கே இல்லை. என் வருத்தமும் அதுவே.

வட டெக்சஸில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், காரணம் மண். டாலஸுக்கு வடக்கிலிருந்து சான் அன்டோனியோ வரை நீண்டு கிடக்கும் பிளாக்லேண்ட் பிரெய்ரி நிலப்பரப்பின் கரிய களிமண், நம் கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலின் இனம். ஈரம் ஏறினால் உப்பும். காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கரிசல் பூமியில் பிறந்தவர்களுக்குக் கோடையில் கை நுழையும் வெடிப்பைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. அந்த மண்ணின் மேல்தான் இங்கே லட்சக்கணக்கான வீடுகள் ஒற்றைக் காங்கிரீட் பலகையாக உட்கார்ந்திருக்கின்றன. ஆகஸ்ட் வறட்சியில் வீட்டின் விளிம்பு மண் சுருங்கி விலகும். நடுப்பகுதியின் அடியில் ஈரம் தங்கியிருக்கும். மழைக்காலத்தில் நிலைமை தலைகீழாகும். ஆகவே இங்கே அசையாத ஸ்லாப் என்று ஒன்று இல்லை. எவ்வளவு அசைந்திருக்கிறது, ஒரே சீராக அசைந்ததா, ஒரு மூலை மட்டும் இறங்கியதா, இன்னும் அசைந்துகொண்டிருக்கிறதா என்பவைதான் கேள்விகள்.

1998இல் கட்டிய வீடு என்பதால் உங்களுடையது போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். காங்கிரீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக எஃகு கேபிள்களை ஓடவிட்டு, காங்கிரீட் இறுகிய பின் ஒவ்வொன்றையும் சுமார் 33,000 பவுண்டு விசையில் இழுத்துப் பூட்டியிருப்பார்கள். காரேஜ் தரையில், பெரும்பாலும் கதவுக்கு அருகே, 'வெட்டாதே, துளையிடாதே' என்ற முத்திரை பதிந்திருக்கும். அறிக்கையில் வெறுமனே 'ஸ்லாப்' என்று இருந்தால் அது போதாது. என்ன வகை, அது எப்படித் தெரிந்தது என்பதும் வேண்டும். பின்னாளில் குளியலறையை மாற்றியமைக்க யாராவது தரையை உடைக்கப் போனால், அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

விரிசல்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ஸ்லாப்பின் வெளி மூலையில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு பிளந்து நிற்பதை இங்கே வீட்டுக்கு வீடு பார்க்கலாம். வெயிலில் விரியும் செங்கல் சுவர் மூலையைத் தள்ளுவதால் வருவது அது. கேபிள் முனை வெளியே தெரியாதவரை பெரும்பாலும் தோற்றக் குறைதான். காரேஜ் தரையில் மயிரிழை போல ஓடும் விரிசல்களும் காங்கிரீட் காயும்போது வந்தவையாக இருக்கும். ஜன்னல் மேல்மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஏறும் ஷீட்ராக் (உட்சுவர்ப் பலகை) விரிசல் வேறு கதை. செங்கல் சுவரில் படிப்படியாக ஏறி, மேலே போகப் போக அகலும் விரிசலும் அப்படியே. கதவுச் சட்டத்தின் மேல் இடைவெளி ஒரு பக்கம் நூலளவும் மறுபக்கம் விரலளவுமாக இருப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். இவை ஒவ்வொன்றும் தனியாக இருந்தால் பெரிதாக ஒன்றும் சொல்லா. ஒரே மூலையில், உள்ளேயும் வெளியேயும் சேர்ந்தாற்போல் இருந்தால் அந்த மூலை இறங்கியிருக்கிறது என்றுதான் பொருள்.

விரிசல் பழையதா, புதியதா என்பதைக் கண் ஓரளவுக்குச் சொல்லும். உள்ளே பெயிண்ட் இறங்கியிருந்தாலோ அழுக்கு படிந்திருந்தாலோ அது கடைசிப் பெயிண்டுக்கு முன்னால் வந்தது. விளிம்புகள் வெளுத்துக் கூராக இருந்தால் அண்மையது. பூசி மறைத்த இடமே மறுபடி திறந்திருந்தால் அசைவு நிற்கவில்லை. விற்பனைக்கு முன் வீடு முழுவதும் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் இந்தச் சாட்சிகள் எல்லாம் மறைந்துவிடும். அதையும் இன்ஸ்பெக்டர் எழுத வேண்டும். நான் டார்ச் விளக்கைச் சுவரோடு சுவராகப் படுக்க வைத்து அடித்துப் பார்ப்பேன். நேராகப் பார்த்தால் தெரியாத பழைய பூச்சின் மேடு, பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழலோடு எழுந்து வரும்.

நல்ல பதிவு எப்படி இருக்கும் என்று கேட்டால், என் பழக்கத்தில் இப்படி எழுதுவேன்: 'போஸ்ட் டென்ஷன் ஸ்லாப்; காரேஜ் தரையில் முத்திரை உள்ளது. வடமேற்குப் படுக்கையறை ஜன்னலின் வலது மேல்மூலையில் சாய்வான விரிசல், மேல்முனையில் ஏறத்தாழ 1/8 அங்குலம், முன்பு பூசப்பட்டு மீண்டும் திறந்துள்ளது. அதே மூலையின் வெளிச் செங்கல் சுவரில் படி விரிசல். அந்த அறைக் கதவு மேலே உரசுகிறது. வீட்டின் மற்ற மூன்று மூலைகளில் இத்தகைய அறிகுறி காணப்படவில்லை. மேற்குச் சுவரோரம் மண் ஸ்லாப்பிலிருந்து விலகி நிற்கிறது. வடக்குப் பக்கம் பூச்செடிப் பாத்தியால் மூடப்பட்டிருந்ததால் ஸ்லாப் விளிம்பு தெரியவில்லை. சோதித்த நாளில் கண்டவற்றின்படி, வடமேற்கு மூலையில் சீரற்ற அசைவு நிகழ்ந்துள்ளது. அடித்தளம் தற்போது வீட்டைத் தாங்கும் பணியைச் செய்கிறது என்பது என் கருத்து.' ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு படம், அந்தப் படம் எந்த அறையில் எடுத்தது என்ற குறிப்பு. கடைசி வரி உங்கள் அறிக்கையில் இருக்கும் அதே கருத்துதான். ஆனால் இதைப் படிக்கும் பொறியாளர் நேராக அந்த மூலைக்குப் போய் நிற்பார்.

தரையின் மட்ட அளவீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது விதிப்படி கட்டாயமில்லை, பலர் செய்கிறோம். அமெரிக்க சிவில் பொறியாளர் சங்கத்தின் டெக்சஸ் பிரிவு வெளியிட்ட வழிகாட்டியில் இரண்டு அளவுகோல்கள் உண்டு. வளைவுக்கு, நீளத்தில் 360இல் ஒரு பங்கு. அதாவது 30 அடி நீளத்துக்கு ஓர் அங்குலம். மொத்தச் சாய்வுக்கு 1 சதவீதம். அதே 30 அடிக்கு ஏறத்தாழ மூன்றரை அங்குலம். இந்த எண்களைத் தாண்டினால் வீடு கெட்டது, தாண்டாவிட்டால் நல்லது என்று படித்துவிடாதீர்கள். கட்டிய நாளில் அந்தத் தரை எந்த மட்டத்தில் இருந்தது என்று பெரும்பாலும் யாரிடமும் பதிவு இருக்காது. காங்கிரீட் ஊற்றும்போதே முக்கால் அங்குல ஏற்ற இறக்கம் இருந்திருக்கலாம். எண்ணும் விரிசலும் ஒரே இடத்தைச் சுட்டினால் மட்டும்தான் எண்ணுக்கு மதிப்பு.

சந்தேகம் எங்கே தொடங்குகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மூலை இறங்கியிருக்கிறது என்று நான் சொல்லலாம். ஏன் இறங்கியது என்று சொல்ல என்னால் முடியாது. வறட்சியாக இருக்கலாம், ஜன்னலோரம் நிற்கும் ஓக் மரத்தின் வேர் ஈரத்தை உறிஞ்சியிருக்கலாம், ஸ்லாப்பின் அடியில் கழிவுநீர்க் குழாய் கசிந்துகொண்டிருக்கலாம். கடைசிக் காரணத்தைப் பிளம்பர்தான் சோதனை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இனி அசையுமா என்பதை ஒரே நாளில் ஒரே முறை பார்த்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது; சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். பழுதுபார்க்க வேண்டுமா, எப்படி என்று தீர்ப்புச் சொல்ல உரிமம் பெற்ற பொறியாளருக்குத்தான் தகுதி உண்டு. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இலவசமாக வந்து பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் அடித்தளப் பழுதுபார்ப்பு நிறுவனத்தின் கருத்து பொறியாளரின் கருத்துக்கு ஈடாகாது. இறங்கிய ஸ்லாப்பைத் தாங்க அடியில் தூண் இறக்குவதுதான் அவர்கள் வியாபாரம். அவர்களில் நேர்மையானவர்களை நான் அறிவேன். ஆனாலும் எத்தனை தூண் வேண்டும் என்பதை, தூண் விற்காத ஒருவர் சொல்லட்டும்.

விற்பவர் தந்த வெளிப்படுத்தல் படிவத்தை எடுத்து, முன்பு அடித்தளம் பழுதுபார்க்கப்பட்டதா என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். பிறகு வீட்டைச் சுற்றி நடங்கள். ஸ்லாப் ஓரம் ஆறேழு அடிக்கு ஒன்றாகக் காங்கிரீட் நடைபாதையில் வட்டமாகவோ சதுரமாகவோ வெட்டி ஒட்டிய தடங்கள் இருந்தால், அங்கே தூண் இறக்கியிருக்கிறார்கள். அது தன்னளவில் கெட்ட செய்தி அல்ல. பழுதுபார்த்ததற்கான பொறியாளர் கடிதம், உத்தரவாதம் அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்ற விவரம், தூக்கி நிறுத்திய பின் குழாய்களைச் சோதித்த சான்று ஆகிய மூன்றும் இருந்தால், ஒன்றும் தெரியாத வீட்டைவிட அது மேல் என்றே நினைக்கிறேன்.

மண்ணும் நீரும் பற்றிய பதிவு அறிக்கையில் வேறு தலைப்பின் கீழ் வரும். ஆனால் ஸ்லாப்பின் ஆயுள் அங்கேதான் இருக்கிறது. சுவரிலிருந்து முதல் 10 அடிக்குள் நிலம் 6 அங்குலமாவது சரிய வேண்டும் என்பது கட்டட விதி. செங்கல் முகப்புள்ள சுவரில், மண்ணுக்கு மேலே குறைந்தது 4 அங்குல ஸ்லாப் வெளியே தெரிய வேண்டும். கூரைத் தண்ணீர் மூலையில் கொட்டி அங்கேயே தேங்கினால் மேலே சொன்ன எல்லாமும் நடக்கும். இதைச் சரிசெய்ய ஆகும் செலவு தூண் இறக்கும் செலவில் ஒரு சிறு பங்கு.

இனி ஹீட்டர். 'ஹீட் எக்ஸ்சேஞ்சர் சரிபார்க்கப்படவில்லை' என்ற வரிதான் உங்களை அதிகம் உறுத்தியிருக்கிறது. அது இன்ஸ்பெக்டரின் சோம்பல் அல்ல. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் உறுதியைச் சரிபார்ப்பது எங்கள் கடமைக்கு வெளியே என்று கமிஷனின் விதியே சொல்கிறது. ஃபர்னஸை, அதாவது காற்றைச் சூடாக்கி வீட்டுக்குள் அனுப்பும் ஹீட்டரை, கழற்றாமல் அதன் பெரும்பகுதியைக் கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் அது என்ன பாகம் என்று தெரிந்தால், அந்த வரியை ஏன் லேசாகக் கடந்துபோகக் கூடாது என்பது விளங்கும். கேஸ் எரியும் இடத்துக்கும் நீங்கள் சுவாசிக்கும் காற்றுக்கும் நடுவே நிற்கும் உலோகச் சுவர் அது. அதில் விரிசல் விட்டால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் கலக்க வழி பிறக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ஆகவே இன்ஸ்பெக்டர் பார்க்காததை உரிமம் பெற்ற ஏசி, ஹீட்டிங் டெக்னீஷியனைக் கொண்டு பார்க்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை என்றாலும் நீங்கள் அதைச் செய்யுங்கள்.

'வேலை செய்தது' என்ற சொல்லும் மெலிந்த சொல். தெர்மோஸ்டாட்டைத் திருப்பினார், சூடான காற்று வந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நான் பார்க்க விரும்பும் பதிவில் முதலில் ஃபர்னஸின் தகவல் தகட்டின் தெளிவான படம் இருக்கும்: தயாரிப்பாளர், மாடல், தொடர் எண், மணிக்கு எத்தனை பிடியூ (வெப்ப அளவு), எந்த எரிபொருள். தொடர் எண்ணிலிருந்து தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். கேஸ் ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு உழைக்கும். வீட்டோடு வந்த 1998ஆம் ஆண்டு ஃபர்னஸே இன்னும் ஓடுகிறது என்றால், விலை பேசும்போதே புதியதற்கான தொகையைக் கணக்கில் வையுங்கள்.

அதே தகட்டில் அனுமதிக்கப்பட்ட வெப்ப ஏற்றம் என்று ஓர் எல்லை அச்சிட்டிருக்கும். உதாரணமாக 35 முதல் 65 டிகிரி ஃபாரன்ஹீட். உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எல்லைக்குள் இருக்க வேண்டும். அளவிடுவது எங்களுக்குக் கட்டாயமில்லை என்றாலும் சில நிமிட வேலைதான். வித்தியாசம் எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். அடைத்துப்போன ஃபில்டராகவோ சிறுத்த காற்றுக்குழாயாகவோ இருக்கலாம். அப்படியே ஆண்டுக்கணக்கில் ஓடினால் அதிகச் சூட்டில் அதே ஹீட் எக்ஸ்சேஞ்சர்தான் முதலில் விரிசல் விடும். அதனால்தான் இந்த ஒரு எண்ணுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

தீச்சுடர் நீலமாக நிலைத்து எரிகிறதா, மின்விசிறி ஓடத் தொடங்கியதும் அலைகிறதா என்பது அடுத்தது. மின்விசிறி கிளம்பும் நொடியில் சுடர் ஆடினால் உள்ளே விரிசல் இருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி, நிரூபணம் அல்ல. புகைக்குழாய் அட்டிக்கில் (கூரைக்கு அடியிலுள்ள பரணில்) மரத்தைத் தொடாமல் விலகி நிற்கிறதா, அதன் இணைப்புகள் கழன்றிருக்கின்றனவா, கேஸ் குழாயில் மூடும் வால்வும் கசடு தங்கும் குட்டைக் குழாயும் இருக்கின்றனவா என்பதும் பதிவாக வேண்டும். அட்டிக்கில் ஏறிப் போக முடியாவிட்டால், முடியவில்லை என்றே எழுத வேண்டும்.

சோதனை கோடையில் நடந்தது என்று சொல்கிறீர்கள். கேஸ் ஃபர்னஸ் என்றால் கோடையிலும் சிறிது நேரம் இயக்கிப் பார்க்கலாம். மின்சாரத்தில் ஓடி, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொண்டுவரும் ஹீட் பம்ப் என்றால் கதை வேறு; வெளியே 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருக்கும்போது அதை ஹீட்டிங் முறையில் இயக்க வேண்டியதில்லை என்று விதியே விலக்கு அளிக்கிறது. உங்கள் அறிக்கையில் எரிபொருள் எது என்ற இடத்தை மறுபடி பாருங்கள். மின்சாரம் என்று இருந்து, 'வேலை செய்தது' என்றும் இருந்தால், எந்த முறையில் எப்படி இயக்கினார் என்று இன்ஸ்பெக்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

டெக்சஸ் வெயில் பூமி, ஹீட்டருக்கு என்ன அவசரம் என்று சில நண்பர்கள் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் லட்சக்கணக்கான வீடுகள் நாள்கணக்கில் மின்சாரமின்றி உறைந்தன. கேஸ் ஃபர்னஸ் வைத்திருந்தவர்களும் குளிரில் கிடந்தார்கள். ஏனெனில் மின்விசிறிக்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கும் மின்சாரம் வேண்டும். சூட்டுக்காகக் காரேஜில் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியும் கார்பன் மோனாக்சைடு ஏறி உயிரிழந்த குடும்பங்கள் உண்டு. படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாமான்கள் வருவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள்.

நான்கு நாளில் என்ன செய்யலாம்? இன்றே இன்ஸ்பெக்டரை அழையுங்கள். 'அடித்தளம் பற்றி அந்தக் கருத்துக்கு எதை வைத்து வந்தீர்கள், எந்த இடங்களைப் பார்க்க முடியவில்லை?' என்று கேளுங்கள். அறிக்கையில் சேர்க்காத படங்கள் பெரும்பாலும் அவரிடம் இருக்கும். நல்ல இன்ஸ்பெக்டர் இதற்குக் கோபப்பட மாட்டார். அவர் சொல்லும் அறிகுறிகள் ஒரே மூலையில் குவிந்தால் நாளையே பொறியாளரை வரவழையுங்கள். மட்ட அளவீட்டோடு எழுத்தில் அறிக்கை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதே நாளில் டெக்னீஷியனும் வரலாம். ஆப்ஷன் காலம் கடைசி நாள் மாலை 5 மணிக்கு முடிகிறது, நள்ளிரவில் அல்ல. பொறியாளருக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால் விற்பவரிடம் கால நீட்டிப்புக் கேளுங்கள். அதுவும் கையெழுத்தோடு எழுத்தில் வர வேண்டும்.

வீட்டை வாங்கினாலும் பொறியாளரின் மட்ட அளவீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மேலே நான் சொன்ன குறை, அதாவது பழைய மட்டம் யாருக்கும் தெரியாது என்பது, உங்கள் விஷயத்தில் இந்த வாரத்தோடு தீர்கிறது. இரண்டு, மூன்று கோடை கழித்து ஒரு கதவு உரசத் தொடங்கினால், அதே பொறியாளரை அழைத்து அதே புள்ளிகளில் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.